முன்பணம்

ரீகாவில் வீட்டைக் காலி செய்கிறவர்கள்
முதலில் வாங்குவது பற்பசை.
மலிவானது போதும், ஆனால் வெள்ளை.
நீலக் கோடு போட்டது ஆகாது.
ஆணித்துளையில் விரலால் அப்பி
காலாவதியான டிராம் அட்டையால் வழித்துவிட்டால்
சுவருக்கு எதுவும் நினைவிருக்காது.

எனக்கு ஏழு துளைகள்.
இரண்டில் அலமாரி தொங்கியது.
நான்கில் உன் கடல் வரைபடங்கள்.
ஏழாவதில் எதுவுமே தொங்கவில்லை, இல்க்வார்ஸ்.
அளவு தப்பி நீ அடித்தது,
அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

முன்பணம் அறுநூற்று நாற்பது யூரோ.
லியபாயாவுக்கு ரயிலேறும்போது
உன் பாதியையும் எனக்கே விட்டுக்கொடுத்தாய்
பெருந்தன்மையாக,
கறைகளையும் சேர்த்து.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவு
நானும் ஒரு லிட்டர் வினிகரும்.
குழாயின் மூக்கில் சுண்ணாம்பு பூத்திருந்தது.
துணியை நனைத்துச் சுற்றிக்கட்டி
காய்ச்சல்காரனைப் போல உறங்கவிட்டேன்.
கெட்டிலுக்கும் அதே வைத்தியம்.
கொதித்ததும் வீடெங்கும் வெள்ளரி ஊறுகாய் நாற்றம்,
ஜன்னலைத் திறந்தால் மைனஸ் பதினொன்று.

மெழுகுதான் இழுத்தடித்தது.
மின்சாரம் போன நவம்பரில்
கம்பளத்தில் சிந்திய மெழுகு.
அன்றைக்கு இருட்டில் சீட்டாடினோம்.
நீ ஏமாற்றினாய்.
தெரிந்தே தோற்றேன்.
பழுப்புக் காகிதத்தைப் பரப்பி
மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால்
மெழுகு உருகிக் காகிதத்துக்கு ஏறிவிடும் என்பார்கள்.
ஏறியது.
ரொட்டிக்கடைப் பையில் எண்ணெய்ப் படலமாக
அந்த இரவு மொத்தமும்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
குப்பையில் போட்டேன்.
எடுத்தேன்.
போட்டேன்.

பல்பைக் கழற்றும்போது கண்ணாடி உடைந்து
அடிப்பாகம் மேலேயே தங்கிவிட்டது.
மெயினை அணைத்துவிட்டு
உருளைக்கிழங்கைக் குறுக்கே வெட்டிக்
குத்தித் திருக வேண்டும்.
ஸ்டூலின் மேல் ஏறி, பல்லிடுக்கில் டார்ச்சோடு
கூரைக்குக் கிழங்கு ஊட்டும் பெண்ணைக்
கொஞ்ச நேரம் பார்த்த எதிர்வீட்டுக்காரர்
திரையை இழுத்துக்கொண்டார்.

தரையில் கண்ணாடிப் பொடி.
கறுப்பு ரொட்டியின் சதையால் ஒற்றியெடுத்தேன்.
தரையில் பட்ட ரொட்டியை எடுத்து
முத்தமிடுவது எங்கள் வழக்கம்.
கண்ணாடி ஒட்டியதை எப்படி?
மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கடைசியாக உன் சைக்கிள் கீறிய தரைப்பலகை.
ஓர் அக்ரூட்டை உடைத்து
பருப்பைக் கீறலோடு தேய்த்தால்
எண்ணெய் ஊறி மரத்தின் நிறமாகிவிடும்.
தேய்த்தேன்.
கீறலைக் காணோம்.
ஐந்து வருடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.
பாதிப் பருப்பு.

சனிக்கிழமை காலை வந்த ஏஜென்ட்டின் பெயர் ரைதிஸ்.
சின்னப் பையன், கையில் டேப்லெட், ஈரக் காலுறை.
குழாயைத் திறந்தான், மூடினான்.
அடுப்புக்குள் தலையை விட்டான்.
சுவரருகே போனவன் நின்றான்.
மூக்கு விடைத்தது.
“புதினா?”
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
மோந்துகொண்டே சுவரோரமாக நடந்து
ஏழு இடத்தில் நின்றான், சரியாக.
ஒன்றும் எழுதவில்லை.
தரையில் முட்டிபோட்டு, விரலால் தடவி,
முகர்ந்து,
குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
“இது எதால் செய்தீர்கள்?
எனக்கும் மாதக் கடைசியில் காலி பண்ணணும்.”
சொன்னேன்.
டேப்லெட்டில் அல்ல, சொந்த போனில் குறித்துக்கொண்டான்.
பிறகு கடமை தவறாமல் அண்ணாந்து பார்த்துக்
கழித்தான்:
பல்பு இல்லை, நான்கு யூரோ.

தௌகவாவைத் தாண்டும் டிராமில்
பையில் மிச்சமிருந்த பாதி அக்ரூட்டைத் தின்றேன்.
கொஞ்சம் கசந்தது.
ஆற்றில் பனிப்பாளங்கள், அவற்றின் மேல்
குந்தியிருக்கும் மீன்பிடிக்காரர்கள்.

புது அறைக்கு ஒரே ஜன்னல்.
குழாயில் யாரோ விட்டுப்போன சுண்ணாம்பு.
கோட்டைக் கழற்றி மாட்ட இடம் தேடினேன்.
கதவுக்குப் பின்னால், தோள் உயரத்தில்,
வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளி,
லேசாக நீலம்.

அவசரக்காரர், யாரோ.

அங்கேயே அடித்தேன் ஆணியை.